துளசிமணியின் தோளில் ஒட்டிய காந்தம்

ஆடி மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, அணைக்கரைப்பாளையத்தில் அப்புக்குட்டியின் எவர்சில்வர் பட்டறையில், குடங்களை அடுக்கிக்கொண்டிருந்த துளசிமணியின் இடது தோளில் ஒரு காந்தம் ஒட்டிக்கொண்டது. காந்தம் மதுரையிலிருந்து சரக்கு எடுக்க வந்த ஜெகநாதனுடையது. ஒவ்வொரு குடத்திலும் அதை வைத்துப் பார்த்து, ஒட்டாததை ஒரு பக்கமும் ஒட்டியதை ஒரு பக்கமும் ஒதுக்குவது அவர் வழக்கம். அன்று அவர் கையை நீட்டியபோது காந்தம் விரல்களை விட்டுத் தாவி, ரவிக்கைத் துணிக்கு மேலாகவே அவள் தோளைப் பிடித்துக்கொண்டது. இரண்டு முறை இழுத்த பிறகுதான் வந்தது.

"இந்தச் சரக்கு மட்டம் முதலாளி, எனக்கு வேணாம்" என்றார் ஜெகநாதன்.

பாலிஷ் போடும் பெண்கள் சிரித்தார்கள். துளசிமணி சிரிக்கவில்லை. மீதமிருந்த முப்பத்தெட்டுக் குடங்களையும் அடுக்கி முடித்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அணைக்கரைப்பாளையத்தில் இதற்காக யாரும் திகைக்கவில்லை. நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்பது வாங்குகிறவர்களின் நம்பிக்கை; நல்ல தகடும் சூடு காட்டாமல் பிரஸ்ஸில் அடி வாங்க வாங்க இறுகும், இறுக இறுகக் காந்தத்துக்கு இணங்கும் என்பது இருநூற்றுப் பன்னிரண்டு பட்டறைகள் உள்ள இந்த ஊருக்குத் தெரிந்த விஷயம். வட்டத் தகட்டை முதல் இழுப்பில் கிண்ணமாக்கலாம், இரண்டாம் இழுப்பில் குடமாக்கலாம், ஆனால் இரண்டு இழுப்புக்கும் நடுவே ஒரு முறை உலையில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாக வேண்டும். அப்போதுதான் தகடு தான் வாங்கிய அடியை மறந்து இளகும்.

துளசிமணி வாங்கிய அடிகளும் ஊருக்குத் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன்பு, கார்த்திகையில், அவளுடைய இளைய மகள் மேகலா பதினோராவது வயதில் நான்கு நாள் காய்ச்சலில் போனாள். அடுத்த வருடம் கணவன் சென்னிமலை டீ குடிக்கச் சாலையைக் கடந்தபோது தகடு ஏற்றி வந்த லாரியில் அடிபட்டான். சாவு விழுந்த வீட்டார் பதினாறு நாள் உலைப்பக்கம் வரக்கூடாது, தீட்டு என்பது ஊர் வழக்கம். அந்தப் பதினாறு நாளும் பெண்கள் வந்து, இழந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முறைவைத்து அழுவார்கள். துளசிமணி இரண்டு சாவிலும் நான்காம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். உலைக்குத்தான் தீட்டு உண்டு, பிரஸ்ஸுக்குக் கிடையாது என்று சொல்லி, பெடலில் காலை வைத்தாள். அழ வந்த பெண்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

"ரெண்டு இழுப்பு இழுத்தாச்சு, நடுவுல தீயே காட்டலை" என்றாள் பாலிஷ் போடும் பாவாயி. "ஒட்டாம என்ன பண்ணும்?"

ஆவணிக்குள் ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. ரேஷன் கடையின் கைரேகை இயந்திரம் துளசிமணியின் விரலை ஏற்கவில்லை; ரேகைகள் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்ததுபோல் வழுவழுவென்று போயிருந்தன. கடைக்காரர், போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால் போதும் என்று அரிசி போட்டுவிட்டார். சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடப் போனபோது மூன்று ஊசிகள் வளைந்தன. நர்ஸ் பதிவேட்டில் 'ஏறவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆட்டோ ஓட்டுகிறவர்கள் வண்டியின் முன்னால் ஒட்டிவைக்கும் காந்தப் பிள்ளையாரையும் காந்த முருகனையும் கொண்டுவந்து, வேண்டுதல் என்று சொல்லி அவள் முதுகில் ஒட்டிப் போனார்கள். குளிக்கும் முன் அவள் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிரைண்டர் மேல் வைப்பாள். தூறல் விழத் தொடங்கினால் அவள் மேல் விழும் முதல் துளிகள் கணீரென்று கேட்கும். அக்கம்பக்கத்தார் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார்கள்.

புரட்டாசியில் அவளுடைய முன்கைகள் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னத் தொடங்கின. ஒரு நாள் மதிய இடைவேளையில் பாவாயி துளசிமணியின் கையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு தலை சீவினாள். அந்தக் கையில், தன் முகத்துக்குப் பின்னால், ஈரத் தலையும் பள்ளிச் சீருடையுமாக மேகலா நிற்பதைக் கண்டாள். திரும்பிப் பார்த்தாள், சுவர்தான் இருந்தது. மறுபடி கையைப் பார்த்தாள், நின்றிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு, வகிடு தெரியலை" என்றாள் பாவாயி.

பிள்ளை தள்ளி நின்றாள்.

அதன்பிறகு பட்டறைப் பெண்கள் எல்லோரும் அந்தக் கையில்தான் பொட்டு வைத்துக்கொண்டார்கள். பின்னால் நிற்பவளுக்கும் முகம் தெரியட்டும் என்று ஒரு பக்கமாக ஒதுங்கியே பார்த்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, பிள்ளை ஒரு அங்குலம்கூட வளரவில்லை என்று சொல்லிப் போனார். ஒன்று மட்டும் எல்லோரையும் உறுத்தியது. மேகலாவின் உதடுகள் ஓயாமல் அசைந்தன, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல் இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. பிரஸ்கள் இறங்கும் சத்தத்தில் அந்த ஊரில் உயிரோடு இருப்பவர்கள் பேசுவதே பாதிதான் கேட்கும். துளசிமணி தன் கையை ஒரு நாளும் பார்க்கவில்லை. கணவனின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டாள்.

ஐப்பசியில், வளைகாப்பு முடிந்து, மூத்த மகள் வசுமதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பையை வைத்துவிட்டு முதல் வேலையாக அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்தாள். சற்று நேரத்தில் எழுந்துகொண்டாள்.

"ஏம்மா உன் மடி இப்படிச் சில்லுன்னு இருக்குது?"

"ஏசி வெச்சிருக்கேன். சும்மா படு."

அம்மாவின் கழுத்தெலும்பின் மேல் ஒரு தலைமுடி ஒட்டியிருப்பதைக் கண்டு வசுமதி எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. நகத்தால் சுரண்டினாள். அது முடியில்லை, கோடு.

அப்புக்குட்டியின் பட்டறையில் முப்பது வருடமாக உலை பார்க்கும் கொழந்தசாமியை அழைத்துவந்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது கிழியறதுக்கு முன்னால வர்ற கோடுங்கம்மிணி" என்றார். "போன வருசம் காய்ச்சாம இழுத்த நாப்பது குடம் ஒரு கடைக்குப் போச்சு. அலமாரியில சும்மாதான் உக்காந்திருந்துச்சு, ஒருத்தரும் தொடலை. பதினெட்டாம் நாள் டப்பு டப்புன்னு தானா வாய் பொளந்துச்சு. இது சொல்லிட்டுக் கிழியாது."

"காய்ச்சினா?" என்றாள் வசுமதி.

"இளகிப்போகும். வாங்குன அடி அத்தனையும் மறந்துரும்."

"அத்தனையுமாங்ணா?" துளசிமணி முதல்முறையாக வாய் திறந்தாள்.

கொழந்தசாமி கண்ணாடியைக் கழற்றினார். "எதை மறக்கலாம், எதை மறக்கக்கூடாதுன்னு தகடு பாத்துப் பாத்து மறக்காதுங்க."

"அப்ப வேண்டாம்."

இதை ஊரே பேசியது. வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் உலையைத் தருவதாக அப்புக்குட்டி அறிவித்தார். மேகலாவைக் கையோடு வைத்திருப்பவளை வற்புறுத்துவது பாவம் என்று பேக்கரியில் ஒரு கூட்டமும், பிரசவத்துக்கு வந்த பெண் முன்னால் தாய் வாய் பிளந்து சாவது அதைவிடப் பாவம் என்று எதிரில் இருந்த டீக்கடையில் ஒரு கூட்டமும் சொன்னது. துளசிமணி இரண்டு கடைக்கும் நடுவே தினமும் வேலைக்குப் போய்வந்தாள். கோடு ஒரு விரற்கடை நீண்டது.

"செத்தவளுக்கு மட்டுந்தான் நீ அம்மாவா?" என்று வசுமதி ஒரு நாள் கத்தினாள். "எனக்கு யாரு?"

"உனக்குப் புருசன் இருக்கறான்."

"அவனா? கொசு அடிக்கவே ஆள் கூப்பிடுவான். அவனா எனக்குப் பிரசவம் பாப்பான்?"

துளசிமணி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். வசுமதி அந்த எச்சில் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். குழந்தை அப்போது வலதுபக்கமாகப் புரண்டு உதைத்துக்கொண்டிருந்தது. சேலை எழுந்து அடங்குவது கண்ணுக்கே தெரிந்தது.

"தெரியுதா?"

துளசிமணி கையை அழுத்திப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். எழுந்து போய்க் கையைக் கழுவி, துடைத்து, மறுபடி வந்து வைத்தாள்.

"இப்பவும் உதைக்குதா?" என்று கேட்டாள்.

"உதைக்குதும்மா."

அன்று மாலை அவள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவந்து மகளிடம் கொடுத்தாள். மேகலாவைப் பற்றி ஒன்று விடாமல் எழுதச் சொன்னாள். மறந்த பிறகு தனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றாள். வசுமதி இரண்டு நாள் எழுதினாள். பல்லிக்குப் பயப்படுவாள். தயிரைச் சோற்றில் ஊற்றிவிட்டு அதற்கு மேல் ரசம் ஊற்றுவாள். ஒன்பதாம் வாய்ப்பாட்டில் ஒன்பதேழில் நின்றுவிடுவாள். இப்படி முப்பது எழுதி முடித்து, முப்பத்தொன்றாவதாக, கடைசி வரியை எழுதினாள்: சாகும்போது கேட்டது தண்ணீர்.

கார்த்திகையின் முதல் புதன்கிழமை, காலை ஆறு மணிக்கு உலை தயாராக இருந்தது. பெண்கள் சேலைகளைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். துளசிமணி கட்டியிருந்ததைக் கழற்றிப் பாவாயியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, குடங்கள் போகும் வழியாக உள்ளே போனாள். கொழந்தசாமி முதுகைக் காட்டி நின்று, எதிர்ச்சுவரில் விழும் வெளிச்சத்தின் நிறத்தை வைத்துச் சூட்டைக் கணக்கிட்டார். சுவர் சிவந்தது, பிறகு ஆரஞ்சாயிற்று, பிறகு மஞ்சளை நெருங்கியது. அவர் கையைத் தூக்கினார். துளசிமணி தானே நடந்து வந்து தண்ணீர்த் தொட்டியில் இறங்கினாள். எழுந்த ஆவி சாலை வரைக்கும் போனது. ஆறேமுக்கால் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது.

தொட்டியிலிருந்து வந்தவள் அடுப்பில் கிடந்த சட்டிபோல் கறுத்திருந்தாள். புளியும் சாம்பலும் வைத்துப் பழையபடி மின்னும்வரை தேய்த்து, சேலை உடுத்தி உட்காரவைத்தார்கள். கொழந்தசாமி காந்தத்தைத் தோளருகே கொண்டுபோனார். அது விழ வேண்டும். விழவில்லை, முன்பைவிட வேகமாக டக்கென்று ஒட்டியது.

வசுமதிக்கு அதெல்லாம் கவனமில்லை. நோட்டைத் திறந்து, முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். துளசிமணி முப்பதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்றாவதில் கையை நீட்டித் தடுத்தாள்.

"அது உங்கிட்டக் கேட்டது" என்றாள். "எங்கிட்ட வேற கேட்டா."

வசுமதி நோட்டை மூடினாள். அம்மா தொடர்ந்தாள்.

"அன்னிக்குக் காத்தால நான் வேலைக்குக் கெளம்பறேன். முகூர்த்தச் சரக்கு, ஆயிரம் குடம். அம்மா, அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லும்மா, தலைக்குள்ள இறங்குதுன்னா. சரி, சொல்றேன் கண்ணுன்னுட்டு வந்தேன். வந்து, அதே பிரஸ்ஸுல நின்னு, மத்தியானம் வரைக்கும் நானூத்திப் பத்து இழுத்தேன். அவ கேட்டுட்டேதான் படுத்திருந்திருப்பா. நானூத்திப் பத்தும்."

கைக்குள் மேகலாவின் உதடுகள் அசைவது எதற்கென்று அப்போது எல்லோருக்கும் விளங்கியது. பாவாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

துளசிமணி எழ முயன்று தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள். மெல்லத்தான் பட்டது. இடது சுண்டுவிரலின் நுனி கண்ணாடித் துண்டுபோல் ஒடிந்து தரையில் விழுந்து உருண்டது. இரத்தம் வரவில்லை. ஒடிந்த இடம் சர்க்கரைக் கட்டிபோல் மினுமினுத்தது.

கொழந்தசாமி அந்தத் துண்டை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, வேறொரு ஊரில் கத்திப் பட்டறை வைத்திருக்கும் தன் மைத்துனனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். முழுவதையும் கேட்ட மைத்துனன் முதலில் திட்டினான்.

"எந்த மடையன் மாமா தண்ணியில போட்டது? அது உங்க குடத்து எவர்சில்வர் இல்ல, கத்தி எவர்சில்வர். குடத்துத் தகடு அடி வாங்குனா காந்தம் ஒட்டும். கத்தித் தகட்டுல பொறப்புலயே ஒட்டும். காந்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். காய்ச்சி ஆத்துனா குடத்துத் தகடு மறக்கும், இது இறுகும். எங்க ஊர்ல எவனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான்."

அணைக்கரைப்பாளையத்தில் யாருமே கத்தி செய்ததில்லை. அங்கே எவர்சில்வர் என்றால் குடம்தான்.

"இப்ப என்னடா பண்றது?"

"இப்படியே விட்டா தும்முனாக்கூட ஒடையும். உடனே இளஞ்சூடு காட்டணும். விடாம, நெடுநேரம். கத்தின்னா எத்தனை டிகிரின்னு சொல்லிருவேன். பொம்பளைக்கு எனக்குத் தெரியாது. கை பொறுக்கற சூடுன்னு வெச்சுக்கங்க. நெறம் மாறும், பாத்துட்டே இருங்க. வைக்கோல் நெறத்துல நிறுத்துனா இறுக்கம் அப்படியே நிக்கும், ஆனா பலமா விழுந்தா ஒடையும். மயில்கழுத்து நெறம் வரைக்கும் விட்டா எப்பவும் ஒடையாது. இறுக்கம் பாதிக்கு மேல போயிரும்."

"கை பொறுக்கற சூட்டுக்கு எங்க போறது?" என்றார் கொழந்தசாமி.

"ஆள் சூடுதான்" என்றாள் பாவாயி. துளசிமணியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, முட்டையை எடுப்பதுபோல் அவளைத் தன்மேல் சாய்த்து, கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மணி அப்போது ஒன்பது. ஒரு பெண்ணின் உடல் சில்லிடத் தொடங்கியதும் அடுத்தவள் உட்கார்ந்தாள். பட்டறைப் பெண்கள் முடிந்து, தெருப் பெண்கள் வந்தார்கள். ரேஷன் கடைக்காரரின் மனைவி வந்தாள், டீச்சர் வந்தார், நர்ஸ் வேலை முடிந்து வந்தார். கட்டிக்கொண்டவர்கள் முதலில் சும்மா இருந்தார்கள். பிறகு யாரோ ஒருத்தி, மூன்று வருடமாக நெஞ்சில் நின்றுபோன ஒப்பாரியின் முதல் வரியை எடுத்தாள், மற்றவர்களுக்கும் அது வந்தது. அப்புக்குட்டி போய்த் தன் பிரஸ்களின் மின்சாரத்தை அணைத்தார். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்துப் பட்டறையில் நின்றது, அதற்கடுத்ததில் நின்றது, ஆற்றோரம் வரை ஒவ்வொன்றாக நின்றது. பதினொரு மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பட்டறைகளும் நின்றுபோயின. அணைக்கரைப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அன்றுதான் முதல்முறையாகத் தங்கள் ஊர்க் காக்கைகளைக் கேட்டார்கள். துளசிமணியின் கைக்குள் மேகலாவின் உதடுகள் அசைவதை நிறுத்தின.

நான்கு மணிக்கு வசுமதி உட்கார்ந்தாள். முன்பக்கம் வயிறு இடித்ததால் அம்மாவின் பின்னால் உட்கார்ந்து, அவள் முதுகைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். சற்று நேரத்தில் துளசிமணியின் தோளில் வைக்கோல் நிறம் எழுந்து, கை வழியாக இறங்கத் தொடங்கியது. நிறம் பட்ட இடமெல்லாம் பளபளப்பு அடங்கியது. கையில் நின்றிருந்த பிள்ளையின் மேல் தூசு படிவதுபோல் ஆயிற்று.

துளசிமணி முந்தானையை விலக்கிக் கையை மடிமேல் வைத்தாள். அது மின்னத் தொடங்கிய பிறகு முதல்முறையாகக் குனிந்து தன் கையைப் பார்த்தாள். தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வைக்கோல் நிறம் பழுப்பாகத் திரும்பியது. மணிக்கட்டின் அருகே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கீற்று தோன்றியது.

"நல்லா வருது" என்றார் கொழந்தசாமி. "இன்னொரு அரைமணி நேரம். மயில்கழுத்து வந்துரும்."

"போதும்" என்றாள் துளசிமணி. "கையை எடு வசு."

"அம்மிணி, இப்ப நிறுத்துனா ஆபத்து முழுசாப் போகாது. பலமா விழுந்தீங்கன்னா ரெண்டாப் போயிருவீங்க."

"விழாம நடந்துக்கறேன்."

"எத்தனை நாளைக்குங்க?"

"இருக்கற வரைக்கும்."

வசுமதி கையை எடுக்கவில்லை. அம்மாவின் முதுகில் முகத்தை வைத்து மேலும் இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடியில் அரைமணி நேரம் போனால் அம்மா ஒரு நாளும் உடைய மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். பெண்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவளை நான் இப்பத்தான் பாக்கறேன் வசு" என்றாள் துளசிமணி.

வசுமதி கைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

மார்கழி பத்தாம் தேதி வசுமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கழுத்தெலும்பின் மேல் இருந்த கோடு அதன்பிறகு நீளவில்லை, மறையவும் இல்லை. பேரூராட்சி துளசிமணியின் தெருவில் இருந்த இரண்டு வேகத்தடைகளையும் தீர்மானம் போட்டு எடுத்துவிட்டது. மழைநாளில் அவள் பட்டறைக்கு நடந்து வரும்போது பஸ் ஓரமாக நின்று வழிவிடுகிறது. காந்தம் இன்றும் ஒட்டும். கைகள் வைக்கோலும் பழுப்புமாக மங்கிக் கிடக்கின்றன. பொட்டு வைத்துக்கொள்ளப் பெண்கள் பாலிஷ் போட்ட தட்டுகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் உச்சிவெயிலில் அவள் மட்டும் கையைக் கண்ணருகே கொண்டுபோய், விரல் ஒடிந்த கையால் அதைத் துடைத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பதைப் பட்டறையில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தான் உடைவோம் என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். பேத்தியை யார் நீட்டினாலும் நின்றபடி வாங்குவதில்லை. முதலில் சுவரைப் பிடித்துத் தரையில் உட்காருகிறாள், காலை நீட்டிக்கொள்கிறாள், பிறகுதான் இரண்டு கைகளையும் நீட்டுகிறாள்.